சாலையோரத்தில் ஒரு கணக்கு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்

முன்னுரை

சாலைகளை நாட்டின் இரத்தக் குழாய்கள் என்பர். விளைந்த நெல் சந்தைக்குச் செல்வதும், நோயுற்றவர் மருத்துவமனைக்குச் செல்வதும், எங்களைப் போன்ற கிராமத்து மாணவர்கள் கல்லூரிக்கு வருவதும் சாலையால்தான். எங்கள் ஊர் வழியே செல்லும் ஒற்றைத் தடச் சாலை இப்போது இரட்டைத் தடமாகியுள்ளது. பேருந்து விரைந்து வருகிறது. முதல் பாடவேளைக்கு நான் தாமதமாக வருவது நின்றுவிட்டது.

ஆனால் ரேஷன் கடை சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அரிசி வாங்கச் செல்லும் என் அப்பத்தா, முன்பெல்லாம் நின்ற நேரத்தைவிடப் பல மடங்கு நேரம் சாலையோரத்தில் நிற்கிறார். "வண்டி ஓயட்டும்" என்பார். வண்டி எப்போது ஓயும்? நாம் வகுப்பில் படிக்கும் நிகழ்தகவு இவ்வினாவிற்கு விடை தருகிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வண்டிகளை எண்ணும் முறை

நம் நாட்டில் சாலை அமைப்பதற்கான நெறிகளை வகுப்பது 1934இல் தோன்றிய இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்னும் அமைப்பாகும். நகர்ப்புறம் அல்லாத சாலைகளில் வாகனங்களை எப்படி எண்ணுவது என்பதற்கு 1972இல் அது ஒரு நெறியை வெளியிட்டது. அதன்படி, தொடர்ந்து ஏழு நாட்கள், இரவும் பகலும் எண்ண வேண்டும். ஆண்டிற்கு இருமுறையேனும் எண்ண வேண்டும். ஒன்று அறுவடையும் விற்பனையும் மிகுந்த காலம், மற்றொன்று ஓய்ந்த காலம்.

இதன் காரணம் கிராமத்தில் வாழ்வோர்க்கு எளிதில் விளங்கும். சந்தை நாளில் ஓடும் வண்டிகள் மறுநாள் ஓடுவதில்லை. கரும்பு வெட்டும் காலத்தில் டிராக்டர்கள் வரிசையாகச் செல்லும். வெட்டு முடிந்தால் சாலை வெறிச்சோடும். ஒரு நாள் எண்ணி ஆண்டிற்கெல்லாம் கணக்கிட்டால் அது பிழையாகவே முடியும்.

எண்ணிய வண்டிகளை அப்படியே கூட்டுவதும் பொருந்தாது. சைக்கிளும் லாரியும் ஒன்றாகா. ஆகவே ஒரு காரை 1 எனக் கொண்டு, மற்றவற்றைக் 'கார் அலகு' ஆக மாற்றுகின்றனர். 1990இல் வெளியான நெறிப்படி, சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் 0.5, பேருந்துக்கும் லாரிக்கும் 3, டிரெய்லர் பூட்டிய டிராக்டருக்கு 4.5, மாட்டு வண்டிக்கு 8. மாட்டு வண்டி பேருந்தைவிடச் சிறியதாயிற்றே என்று வியக்க வேண்டாம். அது மெதுவாகச் சென்று பின்னால் வருவோரைத் தடுப்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

இப்பட்டியலில் நடந்து செல்பவருக்கு எண் எதுவும் இல்லை. வண்டிகள் ஓடும் பரப்பின் கொள்ளளவை அறியவே இந்த அலகு ஏற்பட்டது என்பதால் இதில் குற்றம் காண இயலாது. எனினும், என்னைக் கல்லூரிக்கு ஏற்றி வரும் பேருந்து 3 என்றும், என்னைக் கல்லூரிக்கு அனுப்பிய அப்பத்தா கணக்கிலேயே இல்லை என்றும் அறிந்தபோது என் மனம் ஒப்பவில்லை.

அகலமும் கொள்ளளவும்

அதே நெறிப்படி, சமவெளியில் 3.75 மீட்டர் அகலமுள்ள ஒற்றைத் தடச் சாலைக்கு நாளொன்றுக்கு 2,000 கார் அலகு ஏற்றது. 5.5 மீட்டர் சாலைக்கு 6,000. 7 மீட்டர் இரட்டைத் தடத்திற்கு 15,000. அகலம் இருமடங்கு ஆகுமுன்பே கொள்ளளவு ஏழரை மடங்காகிறது. காரணம், ஒற்றைத் தடத்தில் எதிரே வண்டி வந்தால் இரண்டும் மண்ணில் இறங்கி வழிவிட வேண்டும். இரட்டைத் தடத்தில் அத்தடை இல்லை.

நாள் ஓட்டத்தில் 8 முதல் 10 விழுக்காடு நெரிசலான ஒரு மணி நேரத்தில் வருவதாகக் கொண்டால், 15,000 என்பது அந்த மணியில் 1,200 முதல் 1,500 வரை ஆகும். பொறியாளர் பார்வையில் இது சாலை தாங்கக்கூடிய அளவுதான். சாலையோரத்தில் நிற்பவர் பார்வையில் எப்படி?

காத்திருப்பின் கணக்கு

வண்டிகள் ஒன்றையொன்று சாராமல், முன்பின் ஒழுங்கின்றி வந்தால் அவற்றின் வருகை பாய்சான் பரவலை ஒட்டி அமையும். இதனை 1936இல் ஆடம்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் போக்குவரத்திற்குப் பொருத்திக் காட்டினார்.

வினாடிக்கு வரும் வண்டிகளின் சராசரியையும், கடக்கத் தேவையான வினாடிகளையும் பெருக்கி வருவதைக் 'க' என்போம். 2.718 என்னும் மாறிலியைக் 'க' அடுக்கிற்கு உயர்த்தி, அதிலிருந்து 'க'வையும் 1ஐயும் கழித்து, வினாடிக்கான வண்டிகளால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு நேரம் கிடைக்கும்.

7 மீட்டர் சாலையை வினாடிக்கு 1.2 மீட்டர் நடக்கும் இளைஞர் ஏறத்தாழ 6 வினாடியில் கடப்பார். ஊன்றுகோலுடன் நடக்கும் முதியவருக்கு 12 வினாடி எனக் கொள்வோம். இரு திசையிலும் சேர்த்து வரும் வண்டிகளுக்கு நான் கணக்கிட்ட காத்திருப்பு வருமாறு:

மணிக்கு 300 வண்டிகள்: இளைஞர் 1.8 வினாடி, முதியவர் 8.6 வினாடி.
மணிக்கு 600 வண்டிகள்: இளைஞர் 4.3 வினாடி, முதியவர் 26.3 வினாடி.
மணிக்கு 1,200 வண்டிகள்: இளைஞர் 13.2 வினாடி, முதியவர் 148.8 வினாடி.

வண்டிகள் 300இலிருந்து நான்கு மடங்கானபோது இளைஞரின் காத்திருப்பு ஏழு மடங்காகிறது. முதியவருடையதோ பதினேழு மடங்காகிறது. அதாவது இரண்டரை நிமிடம். 'க' அடுக்குக்குறியில் நிற்பதே இதற்குக் காரணம். நடை பாதியானால் காத்திருப்பு இரட்டிப்பாகும் என்று நாம் எண்ணுவோம். கணிதம் அவ்வாறு சொல்லவில்லை.

சாலை ஒற்றைத் தடமாக இருந்தபோது வண்டியும் குறைவு. கடக்க வேண்டிய தூரமும் பாதியே. இரண்டும் ஒருங்கே மாறிவிட்டன.

ஓட்டும் பழக்கம்

உண்மையில் வண்டிகள் முற்றிலும் ஒழுங்கின்றி வருவதில்லை. கரும்பு டிராக்டர் ஒன்று முன்னே சென்றால் அதன்பின் ஏழெட்டு வண்டிகள் கொத்தாக வரும். கொத்து கடந்ததும் நீண்ட இடைவெளி கிடைக்கும். இதனால் மேற்கண்ட காத்திருப்பு சில வேளை குறையலாம். ஆனால் கொத்தில் சிக்கிய ஓட்டுநர் பொறுமை இழந்து முந்துகிறார். வண்டி வராத பக்கம் என்று நடப்பவர் நம்பியிருந்த பக்கத்தில் அவர் வந்துவிடுகிறார்.

வேகமும் கருதத்தக்கது. 1976ஆம் ஆண்டு நெறிப்படி, ஓட்டுநர் தடையைக் கண்டு நிறுத்துவதற்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 45 மீட்டரும், 80 கிலோமீட்டர் வேகத்தில் 120 மீட்டரும் பார்வைத் தூரம் வேண்டும். முதியவர் கடக்கும் அந்த 12 வினாடியில் 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 267 மீட்டர் வந்துவிடும். வளைவு அதற்குள் இருந்தால், வெறும் சாலையைப் பார்த்து அடியெடுத்து வைத்தவர் நடுச்சாலையில் வண்டியைச் சந்திப்பார். அவர்மீது கவனக்குறைவு என்று பழி சுமத்துவது நியாயமன்று.

மத்திய அரசின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். மொத்த உயிரிழப்பில் ஏறத்தாழ 68 விழுக்காடு ஊரகப் பகுதிகளில் நேர்ந்தது.

நாம் செய்யத்தக்கது

பாதசாரிகள் கடக்குமிடம் அமைப்பதற்கு 1988ஆம் ஆண்டு நெறிகள் ஓர் அளவுகோலைத் தந்தன. நெரிசல் மணியில் கடப்போர் எண்ணிக்கையை, வண்டிகளின் எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்கினால், நடுத்திட்டு இல்லாத சாலையில் பத்துக் கோடியை எட்ட வேண்டும். மணிக்கு 600 வண்டிகள் எனில் 278 பேர் கடக்க வேண்டும். நூறு வீடுகள் உள்ள ஊரில் ஒரு மணி நேரத்தில் 278 பேருக்கு எங்கே போவது?

ஆனால் அந்நெறிகளிலேயே வேறு வாயில்களும் உண்டு. வாகன வேகம் மணிக்கு 65 கிலோமீட்டரை மிஞ்சினாலும், காத்திருப்பு அளவுக்கு மீறி நீண்டாலும் கடக்குமிடத்தைக் கருதலாம். காத்திருப்பை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு கைக்கடிகாரமும் ஒரு நோட்டும் போதும்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களுக்காக நாம் ஆண்டுதோறும் கிராமங்களுக்குச் செல்கிறோம். அங்கே பள்ளி, ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம் ஆகிய மூன்று இடங்களிலும் நாம் அளவெடுக்கலாம். கடப்பவர் வயது, நின்ற வினாடிகள், நடந்த வினாடிகள், அப்போது சென்ற வண்டிகள் ஆகியவற்றைக் குறித்தால், புள்ளியியல் செய்முறைக்கும் அது பயன்படும். ஊராட்சி மன்றம் நெடுஞ்சாலைத் துறைக்கு அளிக்கும் மனுவிற்கும் சான்றாகும்.

முடிவுரை

சாலை அகலமாவதை நான் எதிர்க்கவில்லை. அதன் பயனை நாள்தோறும் நுகர்பவன் நான். வண்டிகளை ஏழு நாள் எண்ணுவது போலவே, சாலையோரம் நிற்பவர்களையும் எண்ண வேண்டும் என்பதே என் வேண்டுகோள். மனுவில் "மிகவும் சிரமமாக உள்ளது" என்று எழுதினால் படிப்பவர் அடுத்த தாளுக்குச் செல்வார். "148 வினாடி" என்று எழுதினால் சற்றேனும் நிற்பார். கற்ற கணிதத்தை நம் ஊருக்கு இவ்வளவேனும் பயன்படுத்துவோமாக!