மணலில் படியும் பழுப்புப் பாசி

பவளம் வளர்க்கக் கடல்நீர்த் தொட்டி வைத்து ஒரு மாதம் ஆகிறது. மணல், பாறை எல்லாம் பழுப்புப் படலம். கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கட்டுமா?

வேண்டவே வேண்டாம்! தொட்டால் தூசுபோலக் கலைகிறதா? அப்படியென்றால் அது பெரும்பாலும் டயாட்டம் என்ற நுண்பாசி. புதுத் தொட்டிகளில் சகஜம். சில வாரங்களில் தானே அடங்கும். அதன் ஓடு சிலிக்காவால் ஆனது. குழாய்நீரில் வரும் சிலிக்கேட்தான் தீனி. அதனால் உப்பு கலக்கவும், ஆவியான நீரை ஈடுகட்டவும் ஆர்.ஓ. நீரே ஊற்றுங்கள். குடிநீர் ஆர்.ஓ. போதாது, மிச்ச சிலிக்கேட்டைப் பிடிக்க அதற்குப் பின்னால் டி.ஐ. (அயனி நீக்கும்) பிசின் வேண்டும். விளக்கு 8 மணி நேரம் போதும். மேல்மணலைக் குழாயால் உறிஞ்சி எடுங்கள், நத்தைகள் சில விடுங்கள். பாசிக்கொல்லி மருந்து மட்டும் ஊற்றிவிடாதீர்கள், பவளம் தாங்காது. நைட்ரேட், பாஸ்பேட்டைப் பூஜ்யமாக்கவும் துடிக்காதீர்கள். டைனோஃபிளாஜெல்லேட் என்ற கொழகொழப்பான, இதைவிடப் பிடிவாதமான தொல்லை அப்போதுதான் தலைதூக்கும்.