கிராமைக் கோப்பையாக மாற்றுவது எப்படி?

மாணவர்களே, "250 கிராம் கோதுமை மா எத்தனை கோப்பை?" என்று கேட்டால் வகுப்பில் பாதிப்பேர் "ஒன்று" என்று எழுதுகிறீர்கள். அளவுக் கோப்பை 250 மில்லிலீற்றர் கொள்ளும் என்பது சரி. ஆனால் 1 மில்லிலீற்றர் 1 கிராம் என்பது நீருக்கே பொருந்தும். மாவுக்குப் பொருந்தாது.

கிராம் திணிவின் அலகு. (கடையில் நிறை என்கிறோம், விடைத்தாளில் திணிவு என்றே எழுதுங்கள்.) மில்லிலீற்றர் கனவளவின் அலகு, அதாவது பொருள் பிடிக்கும் இடம். இரண்டையும் தொடுப்பது அடர்த்தி.

அடர்த்தி = திணிவு ÷ கனவளவு
எனவே, கனவளவு = திணிவு ÷ அடர்த்தி

1 மில்லிலீற்றரின் அண்ணளவான திணிவு: தேன் 1.4 கிராம், நீர் 1.0, தேங்காயெண்ணெய் 0.92, சீனி 0.85, அரித்த கோதுமை மா 0.5.

மாவின் பெறுமானத்தைப் பார்த்து, மா நீரைவிடப் பாரம் குறைந்தது என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு கரண்டி மாவை நீரில் கலக்கிச் சற்று வையுங்கள், அடியில் படிந்துவிடும். மாத்துணிக்கை நீரிலும் அடர்த்தி கூடியதே. துணிக்கைகளுக்கிடையே உள்ள காற்றையும் சேர்த்தே கோப்பை அளக்கிறது. அதனாற்றான் அரித்து மெதுவாக நிரப்பிய கோப்பையில் 125 கிராம் மா இருக்க, அழுத்தி நிரப்பிய அதே கோப்பையில் 150 கிராமுக்கு மேலும் இருக்கும். மாவை அரிதட்டில் அரித்து, கோப்பையைத் தட்டாமல் குலுக்காமல் நிரப்பி, கத்தியின் முதுகால் மட்டமாக வழித்து அளக்க வேண்டும். செய்முறையை விளக்கும்படி கேட்டால் இப்படிகளை விடாமல் எழுதுங்கள்.

உதாரணம்: கேக் ஒன்றுக்கு மா 250 கிராம், சீனி 250 கிராம் தேவை. தராசு இல்லை.

மா: 250 ÷ 0.5 = 500 மில்லிலீற்றர் = 2 கோப்பை.
சீனி: 250 ÷ 0.85 = 294 மில்லிலீற்றர் (அண்ணளவாக). 1 கோப்பையும் 3 மேசைக்கரண்டியும் எடுத்தால் 250 + 45 = 295. இது போதும்.

மேசைக்கரண்டி 15 மில்லிலீற்றர், தேக்கரண்டி 5 மில்லிலீற்றர். வீட்டுக் கரண்டிகளை நம்பாதீர்கள். மாஜரினை அளக்கத் தேவையே இல்லை. பக்கெற்றில் கிராம் அச்சிட்டிருக்கும், பார்த்து வெட்டுங்கள்.

நான் கலைப்பிரிவில் படித்தவன். ஒரு நத்தாருக்கு இந்தக் கணக்குத் தெரியாமல் மாவும் சீனியும் ஒவ்வொரு கோப்பை எடுத்துக் கேக் செய்தேன். சீனியில் 38 கிராம்தான் குறைந்தது. மாவிலோ சரிபாதி குறைந்துவிட்டது. மாஜரின் மட்டும் முழு 250 கிராம். நடுப்பகுதி குழிந்து, அடியில் எண்ணெய் கசிந்த அந்தக் கேக்கை அம்மா கரண்டியால்தான் பரிமாறினார்.

பழைய சமையற் கொப்பிகளில் இறாத்தலும் அவுன்சும் வரும். 1 இறாத்தல் = 16 அவுன்சு = 454 கிராம் (அண்ணளவாக). முதலில் கிராமாக்குங்கள், பிறகு மேற்கண்டபடி வகுத்தால் சரி.

பயிற்சி
1. அரை இறாத்தல் அரித்த மா எத்தனை மில்லிலீற்றர்?
2. 1 கோப்பை தேங்காயெண்ணெயின் திணிவு யாது? (இங்கே வகுக்கக் கூடாது, பெருக்க வேண்டும்.)

விடை: 1. 454 மில்லிலீற்றர் 2. 230 கிராம்