நீரிசைப் பாறை: கோண்டொலின் நகரைப் பற்றி ஓர் ஆய்வு

உலக நிலப்படத்தில் இல்லாத நகரம் ஒன்றைப் பற்றி இக்கட்டுரை பேசுகிறது. அந்நகரின் பெயர் கோண்டொலின். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய டோல்கீன் (1892–1973) படைத்த கற்பனை உலகில், எல்ஃப் என்னும் மூப்பறியாத் தொல்லினத்தார் கட்டி வாழ்ந்த மதில் நகரம் அது.

அறிவியல் பயிலும் மாணவன் இல்லாத ஊரைப் பற்றி ஆராய்வானேன் என்று நண்பர்கள் வினவக்கூடும். இல்லாத ஊருக்கும் மலை உண்டு, நீர் உண்டு, அந்நீர் ஓட வழி வேண்டும். நிலவியல் பயிலும் எனக்கு அதுவே போதும். அதனினும் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. தாயகத்தை விட்டு வந்தவர்கள் அத்தாயகத்தின் நினைவாகவே எழுப்பிய நகரம் கோண்டொலின். வடபுலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் தமிழ்ச் சங்கம் அமைத்து வாழும் நமக்கு அதன் கதை அயலார் கதை அன்று.

நூலின் வரலாறு

முதல் உலகப் போரில், 1916ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டின் சோம் போர்க்களத்தில் டோல்கீன் பணியாற்றினார். பதுங்குகுழிக் காய்ச்சல் கண்டு இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். உடல் தேறி வந்த 1916–17ஆம் ஆண்டுக் காலத்தில் அவர் எழுதிய கதையே ‘கோண்டொலின் வீழ்ச்சி’. அவருக்கு அப்போது வயது இருபத்து நான்கு அல்லது இருபத்தைந்து. ஏறக்குறைய நம் வயது. 1920இல் ஆக்ஸ்ஃபோர்டில் எக்ஸிடர் கல்லூரி மாணவர் மன்றத்தில் அதைப் படித்துக் காட்டினார். மாணவர் மன்றங்களில் படிக்கப்படுவன எல்லாம் காற்றோடு போய்விடுவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

பின்னாளில் அக்கதையை விரிவாகத் திருத்தி எழுதத் தொடங்கி, கதைத்தலைவன் கடைசி வாயிலைக் கடந்து நகரைக் காணும் இடத்தோடு நிறுத்திவிட்டார். அவர் மறைவுக்குப் பின், அவருடைய மகன் கிறிஸ்டோபர் டோல்கீன் தந்தையின் எழுத்துகளைத் தொகுத்தார். 1977இல் ‘சில்மரில்லியன்’ வெளிவந்தது. 1980இல் அந்த முற்றுப்பெறாத பகுதி வெளிவந்தது. 2018இல் கோண்டொலின் கதையின் வடிவங்கள் அனைத்தும் தனி நூலாயின. ‘மோதிரங்களின் தலைவன்’ திரைப்படங்களைக் கண்டவர்கள் எல்ராண்டு என்னும் எல்ஃப் தலைவனை அறிவர். அவனுடைய பாட்டி பிறந்த குடியின் நகரமே கோண்டொலின்.

நகரின் தோற்றம்

எல்ஃப் இனத்தில் நோல்டோர் என்பார் ஒரு பிரிவினர். கடலுக்கு மேற்கே வாலினோர் என்னும் ஒளி நாட்டில், குன்றின்மேல் அமைந்த திரியோன் நகரில் வாழ்ந்தவர்கள். அந்நாட்டை விட்டு, பகைவன் மோர்கோத்தைத் தேடிக் கிழக்கே வந்தார்கள். வந்தவர்களுள் ஒருவனே டூர்கான். புதிய நாட்டில் ஆட்சி கிடைத்தது. ஆயினும் திரியோன் அவன் நெஞ்சை விட்டு நீங்கவில்லை.

நீருக்கெல்லாம் தலைவனான உல்மோ என்னும் தெய்வ ஆற்றல் அவனுக்கு ஒரு மறைவிடத்தைக் காட்டியது. நாற்புறமும் மலை சூழ்ந்த தும்லாடென் பள்ளத்தாக்கு; அதன் நடுவே பாறைக் குன்று ஒன்று. அக்குன்றின்மேல் 52 ஆண்டுகள் மறைவாக உழைத்து நகர் எழுப்பினார்கள். உயர்ந்த வெண்மதில், படிவழிகள், நீரூற்றுகள், அரசனின் கோபுரம் எனத் திரியோனின் சாயல் எங்கும் தெரியும்படி டூர்கான் அமைத்தான். வாலினோரில் ஒளி பொழிந்து நின்று பின்னர் அழிந்துபோன இரு மரங்களின் நினைவாக, பொன்னால் ஒரு மரமும் வெள்ளியால் ஒரு மரமும் தன் கையாலேயே செய்து நிறுத்தினான். அரசன் இல்லத்தில் பழைய தாய்மொழியே அன்றாட வழக்கில் இருந்தது. தாயகத்தின் படியாக ஓர் ஊர், இதுவே கோண்டொலின்.

நீர் வெட்டிய வழி

நிலவியல் கண்கொண்டு நோக்கினால், தும்லாடென் பள்ளத்தாக்கு மிக்க சுவை தருவது. முற்காலத்தில் அது பெரிய ஏரியாக இருந்தது என்றும், நகரம் அமைந்த குன்று அந்த ஏரியின் நடுவே நின்ற தீவு என்றும் டோல்கீன் சொல்கிறார். ஏரி நீர் மலைக்கு அடியில் குடைந்துகொண்டு வெளியேறி, சிரியான் என்னும் பேராற்றில் கலந்தது. நீர் வடிந்தபின் எஞ்சியது வறண்ட ஆற்றுப்படுகையும் மலைக்குகையுமே.

இது வெறும் கற்பனை அன்று. சுண்ணாம்புப் பாறை நிறைந்த நாடுகளில் இத்தகைய அடைபட்ட சமவெளிகள் உண்டு. மழைநீர் சுண்ணாம்புப் பாறையைச் சிறிது சிறிதாகக் கரைத்து, நிலத்தடியில் வழி அமைத்துக்கொள்கிறது. ஐரோப்பாவில் ஸ்லோவேனியா நாட்டிலுள்ள செர்க்னிகா ஏரி இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. மழை மிகுந்த காலத்தில் அது 20 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஏரி. வறண்ட காலத்தில் தரையிலுள்ள துளைகள் வழியே நீர் வடிந்து, அங்கே புல் வெட்டுகிறார்கள். வரும் நீரை அத்துளைகள் வாங்கிக்கொள்ள இயலாதபோது சமவெளி மீண்டும் வெள்ளக்காடாகும். சுற்றிலும் அடைபட்ட நிலத்தில், நீர் வெளியேறும் வழியே அந்நிலத்தின் உயிர்.

குன்றின் உச்சியில் நீரூற்று எழுமா என்றும் கேட்கலாம். எழும். சுற்றியுள்ள மலைகள் குன்றைவிட உயரமானவை. அம்மலைகளில் இறங்கும் மழைநீர், நீர்புகாப் பாறை அடுக்குகளுக்கு இடையே அகப்பட்டுக் குன்றின் அடியை அடையுமானால், தன் பழைய மட்டத்தை நோக்கி மேலே எழ முயலும். ஆர்ட்டீசியன் ஊற்று எழுவதும் இம்முறையாலேதான்.

இங்கே ஒரு செய்தியை நாம் மனத்தில் இருத்த வேண்டும். கோண்டொலினுக்குள் செல்ல டூர்கானின் மக்கள் கண்ட வழி எது? முன்பு நீர் வெளியேறிய அதே குகை. நீர் வெளியே போக வெட்டிய வழியே மக்களுக்கு உள்ளே வரும் வாயிலாயிற்று.

பெயரும் பொருளும்

டூர்கான் தன் நகருக்குத் தாயக மொழியில் ‘ஒண்டொலிண்டே’ என்று பெயரிட்டான். நீரிசைப் பாறை என்பது அதன் பொருள். ஊற்றுகளின் ஒலியால் பெற்ற பெயர். அந்நகரில் நோல்டோர் மட்டும் வாழவில்லை; அந்நாட்டின் பழங்குடிகளான சிந்தார் என்னும் எல்ஃபுகளும் வாழ்ந்தார்கள். அவர்கள் மொழியில் அப்பெயர் ‘கோண்டொலின்’ எனத் திரிந்தது. ஒலி சிறிதே மாறியது. பொருளோ முற்றும் மாறியது. கோண்டொலின் என்றால் மறைந்த பாறை.

டோல்கீன் மொழிநூல் வல்லார். ஒலித்திரிபு ஒன்றினுள்ளே ஒரு நகரின் வரலாற்றையே அடக்கி வைத்திருக்கிறார் என்பது என் கருத்து. இசையால் அறியப்பட்ட நகரம், காலப்போக்கில் மறைவால் அறியப்படும் நகரமாயிற்று.

ஏழு வாயிலும் ஒரு நாவும்

மலைப்பிளவின் வழியே நகருக்கு வருவோர் ஏழு வாயில்களைக் கடக்க வேண்டும். மரம், கல், வெண்கலம், இரும்பு, வெள்ளி, பொன், எஃகு என வரிசையாக அவை அமைந்தன. வழியறிந்து உள்ளே வந்தவர் எவரும் திரும்பிப் போகலாகாது என்பது நகரின் சட்டம்.

ஏழாவதான எஃகு வாயிலை அமைத்தவன் மைக்லின். அரசனின் தங்கை மகன். கனிமங்களை அறிவதில் வல்லவன். உலோகக் கனிகளைத் தேடி அரசன் ஆணையை மீறி மலைகளுக்கு அப்பால் சென்ற ஒருநாள், பகைவரிடம் அகப்பட்டான். வதைக்கு அஞ்சியும், ஆட்சிக்கும் அரசன் மகளுக்கும் ஆசைப்பட்டும், நகரின் இருப்பிடத்தையும் அதைத் தாக்கும் முறையையும் சொல்லிவிட்டான். நகருக்குத் திரும்பி வந்து ஒன்றும் அறியாதவன்போல் இருந்தான். வலிய வாயிலைக் கட்டியவனுடைய நாவே நகரைத் திறந்துவிட்டது.

பகைவர் படை ஏழு வாயிலில் எதையும் தட்டவில்லை. மலைகள் மிக உயர்ந்தும் காவல் மிகக் குறைந்தும் இருந்த வடபுறத்தின் வழியே, விழா இரவொன்றில் இறங்கிற்று. வள்ளுவர் அரண் என்னும் அதிகாரத்தில் நீரையும் நிலத்தையும் மலையையும் காட்டையும் அரணுக்கு உறுப்பாகக் கூறுகிறார். முடிவில், எத்துணைச் சிறந்த அரணும் உள்ளிருப்பார் செயல்திறம் இல்லாதவராயின் பயன்படாது என்கிறார். கோண்டொலினை அந்த அளவுகோலால் அளந்து பாருங்கள்.

கேளாத செவியும் தோண்டிய கையும்

ஆயினும் வீழ்ச்சிக்குக் காரணம் மைக்லின் ஒருவனே என்று முடித்துவிடுதல் பொருந்தாது. உல்மோ தொடக்கத்திலேயே டூர்கானை எச்சரித்திருந்தான்: இந்நகரும் என்றென்றும் நில்லாது, தன் கைவினையின்மேல் அளவுக்கு மிஞ்சிய பற்று வைத்தல் வேண்டா என்று. காலம் வந்தபோது டூவோர் என்னும் மனிதனைத் தூதனாக அனுப்பினான். நகரை விட்டுச் சிரியான் ஆற்றின் வழியே கடலுக்குப் போய்விடுங்கள் என்பதே தூது. நீரின் தலைவன், நீர் போகும் வழியைக் காட்டினான்.

டூர்கான் மறுத்தான். அத்தனை அழகாகக் கட்டிய நகரை விட்டுச் செல்ல எவர்க்குத்தான் மனம் வரும்? அவன் செய்தது இன்னொன்று. மலைக்கடியில் இருந்த அந்தப் பழைய வழியை அடைத்துவிட்டான். ஏனைய எல்ஃப் நாடுகள் வீழ்ந்த செய்தி வந்தபோதும் அவன் துணைக்குச் செல்லவில்லை.

அவன் மகள் இட்ரில் மட்டும் வேறுவிதமாக எண்ணினாள். தூதனாக வந்த டூவோரையே மணந்தவள் அவள். கேடு வருமுன்பே, நகருக்கு அடியில் தொடங்கி, சமவெளிக்கு அடியில் சென்று, மதிலுக்கு வெகு அப்பால் வெளிப்படும் சுரங்கவழி ஒன்றை மறைவாகத் தோண்டச் செய்தாள். நகரை வெறுத்ததால் அன்று; நகர மக்களை நேசித்ததால் தோண்டினாள்.

நகரம் எரிந்தது. டூர்கான் தன் கோபுரத்தோடு வீழ்ந்தான். பொன்மரமும் வெள்ளிமரமும் அழிந்தன. எஞ்சிய மக்கள் இட்ரிலின் சுரங்கவழியே தப்பி, சிரியான் கடலோடு கலக்கும் கழிமுகத்தை அடைந்தார்கள். அவர்களோடு சென்ற ஏழு வயதுச் சிறுவன், இட்ரிலின் மகன் ஏயாரெண்டில். அவனே வளர்ந்து கடலோடியாகி, எவரும் எட்டாத வாலினோரை எட்டி, இரு குலத்தார்க்கும் துணை கொண்டுவந்தான். அத்துணையால் மோர்கோத் வீழ்ந்தான். மதிலுக்குள் இருந்து காக்க இயலாததை, மதிலை விட்டு வெளியேறிய பிள்ளை காத்தான்.

நாம் கொள்ளத்தக்கது

நண்பர்களே, இக்கதையை நான் சங்கத்தின் இதழுக்கு எழுதுவது ஏன் என்பது இப்போது விளங்கியிருக்கும். நாமும் இங்கே ஒரு சிறிய திரியோனைக் கட்டுகிறோம். விடுதி அறையில் குழம்புப் பொடியின் மணம், மாலையில் தமிழ்ப் பேச்சு, தைத் திங்களில் பொங்கல், ஆண்டுக்கொரு நாடகம். இவை வேண்டும். முதல் ஆண்டில், மொழி தெரியாத ஊரில், இம்மதில் இல்லாவிடின் நம்மிற் பலர் படிப்பை விட்டே ஓடியிருப்போம். நானும் அதன் நிழலில் நின்றவன்தான்.

ஆனால் இரண்டாம் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் நாம் எப்படி இருக்கிறோம்? ஆய்வகத்திற்கு வெளியே பிறமொழி மாணவர் ஒருவரோடும் நட்பில்லாமல், ஊர்க் கடைக்காரரிடம் நான்கு சொல் பேசக் கற்காமல், பட்டம் பெற்றுத் திரும்பும் நண்பர்களை நான் பார்க்கிறேன். சங்கம் அவர்களுக்கு நீரிசைப் பாறையாகத் தொடங்கி, மறைந்த பாறையாக முடிந்துவிடுகிறது.

கதவைத் திறந்தால் உள்ளதும் போய்விடும் என்று அஞ்சுவோர் உண்டு. அவர்கள் கோண்டொலினின் முடிவை எண்ணிப் பார்க்கட்டும். பொன்னாலும் கல்லாலும் செய்துவைத்த நினைவுகள் நெருப்பில் அழிந்தன. சுரங்கவழியே நடந்து வெளியேறியவர்களின் நாவில் இருந்த மொழியும் நெஞ்சில் இருந்த பாட்டும் அழியவில்லை. தமிழைக் காக்கும் இடம் விடுதிச் சுவர் அன்று; நம் வாய்.

ஆதலின் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். வரும் பொங்கல் விழாவில், உறுப்பினர் ஒவ்வொருவரும் தமிழறியாத தோழர் ஒருவரையேனும் அழைத்து வந்து, பாடப்படும் பாட்டின் பொருளை அருகிருந்து அவருக்குச் சொல்லட்டும். அவர் வீட்டு விழாவுக்கு அழைத்தால் தயங்காது செல்லட்டும். புதிதாக வரும் மாணவர்க்கு இவ்வூர் மொழியை வாரம் ஒருமுறை கற்பிக்கும் வகுப்பைச் சங்கமே நடத்தட்டும். இவை பெரிய செயல்கள் அல்ல. இட்ரிலின் சுரங்கமும் தோண்டிய நாளில் எவர் கண்ணுக்கும் பெரிதாகத் தோன்றியதில்லை.

மதில் இருக்கட்டும்; அதன் அடியில் நீர் ஓடும் வழியும் இருக்கட்டும்.