குதிரை லாயத்திலிருந்து ஆரம்பி

அன்பு மகள் யாழினிக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். சாட்ஸ்வர்த் மாளிகையைப் பார்த்து வரைபடம் போட்டுவரும்படி உங்கள் கட்டடக்கலை வகுப்பில் சொல்லியிருப்பதாக எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கே கிளம்பிவிடலாம் போல இருந்தது. ஷெஃபீல்டிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய தூரம்தான். டெர்பிஷயர் குன்றுகளைத் தாண்டி டெர்வென்ட் ஆற்றங்கரைக்கு வந்தால் எதிரே நிற்கும். "இவ்வளவு பெரிய இடத்தில் எங்கிருந்து ஆரம்பிப்பது?" என்று கேட்டிருக்கிறாய். குதிரை லாயத்திலிருந்து ஆரம்பி.

மாளிகையின் முகப்பை நீ ஏற்கனவே திரையில் பார்த்திருப்பாய். ஜேன் ஆஸ்டின் நாவலை வைத்து 2005-இல் வந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' படத்தில் டார்சியின் வீடாக வருவது அதுதான். பாலத்தைக் கடந்து வரும் விருந்தாளி அசந்துபோக வேண்டும் என்றே அமைத்த காட்சி அது. நீயும் அசந்துபோவாய், அதில் தவறில்லை. ஆனால் இப்படிப்பட்ட ஓர் எஸ்டேட் அன்றாடம் எப்படி நடந்தது என்பதை முகப்பு சொல்லாது. குதிரை எங்கே நின்றது, தண்ணீர் எங்கிருந்து இறங்கியது, கரி எந்த வழியாக வந்தது, பணம் யாரிடமிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தால்தான் கட்டடம் பிடிபடும்.

மாளிகைக்கு வடகிழக்கே மேட்டில் இருக்கிறது லாயம். அன்று மாளிகைக்கு உரியவரான நான்காம் டெவன்ஷயர் டியூக்குக்காக ஜேம்ஸ் பெய்ன் என்ற கட்டடக் கலைஞர் 1758 வாக்கில் தொடங்கிக் கட்டியது. பக்கத்துக்கு 190 அடி கொண்ட சதுரம், இரண்டு தளம். வாயிலில் தூண்கள், மேலே குடும்பச் சின்னம், நிஜக் கொம்பு பொருத்திய இரண்டு மான் சிலைகள், மணிக்கூண்டு. வெளியே நின்று பார்த்தால் இதுவே ஒரு மாளிகை என்றுதான் நினைப்பாய். உள்ளே 80 குதிரைகளுக்கு இடம் இருந்தது. இலாடம் அடிக்கக் கொல்லர் பட்டறை, மேல்தளத்தில் தானியக் கிடங்கு, லாயத்து ஆட்கள் தங்கும் அறைகள். ஓர் அறைக் கதவில் 'மூன்றாம் போஸ்டிலியன்கள்' என்று எழுதியிருந்ததை பிற்காலத்து டியூக் ஒருவரின் மனைவி டெபோரா தம் புத்தகத்தில் குறித்திருக்கிறார். போஸ்டிலியன் என்பவர் கோச்சு வண்டியை இழுக்கும் குதிரையின் முதுகிலேயே உட்கார்ந்து செலுத்துபவர். அதில் மூன்றாம் நிலைக்காரர்களுக்கென்றே ஒரு தனி அறை! லாயத்து வேலைக்குள் எத்தனை படிநிலைகள் இருந்தன என்பதை அந்த ஒரு கதவு காட்டிவிடுகிறது.

கட்டடக்கலை படிக்கிறவள் நீ, கணக்குப் போட்டுப் பார். நல்ல உடல்வாகுள்ள குதிரை ஒரு நாளைக்குப் பத்து கிலோ அளவுக்குத் தீவனம் தின்னும். எண்பது கொட்டிலும் நிறைந்திருந்தால் நாளொன்றுக்கு எண்ணூறு கிலோ வைக்கோலும் தானியமும் உள்ளே வர வேண்டும். அதைவிட அதிக எடையில் லத்தி வெளியே போக வேண்டும். அந்த லத்தியை யாரும் வீணாக்கியதில்லை. குதிரை லத்தி மக்கும்போது சூடு கிளம்பும். அந்தச் சூட்டில் பாத்தி அமைத்துத்தான் அந்தக் காலத்து ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் குளிர் நாட்டில் முலாம்பழமும் அன்னாசியும் விளைவித்தார்கள். லாயமும் தோட்டமும் ஒன்றையொன்று சார்ந்து வாழ்ந்தன. வரைபடத்தில் இரண்டையும் தனித்தனித் தாளில் போட்டுவிடாதே.

கடைசிக் குதிரை 1939-இல் வெளியேறியது. பிறகு கிடங்காகவும் வாகனக் கொட்டகையாகவும் கிடந்து, இன்று லாயம் சாப்பாட்டுக் கூடமாக இருக்கிறது. ஆறாம் டியூக் 1830-களில் லாயத்துக்குப் பின்னே கட்டிய வண்டிக் கொட்டகையில்தான் உணவகம். அரசி இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கு டியூக் தம்பதி ஏறிப்போன கோச்சும் அங்கே நிற்கிறது. தேநீர் குடித்துக்கொண்டே தரையையும் சுவரையும் கவனி.

குதிரை என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டெவன்ஷயர் டியூக்குகளின் குடும்பப் பெயர் கேவண்டிஷ். அந்தக் குடும்பத்தின் இன்னொரு கிளையில் நியூகாசில் டியூக் வில்லியம் கேவண்டிஷ் என்று ஒருவர் இருந்தார். சாட்ஸ்வர்த்திலிருந்து கிழக்கே அதிக தூரமில்லாத பொல்சோவர் கோட்டையில், மழையிலும் குதிரைப் பயிற்சி நடக்க வேண்டும் என்று 1630-களில் கூரைபோட்ட பயிற்சிக்கூடம் கட்டினார். உள்நாட்டுப் போரில் அரசர் பக்கம் நின்று தோற்று, நாட்டைவிட்டு ஓடி, ஆன்ட்வெர்ப்பில் ஓவியர் ரூபன்ஸ் வாழ்ந்த வீட்டில் குடியிருந்தபடி 1658-இல் குதிரைப் பயிற்சி நூலை வெளியிட்டார். நேரம் கிடைத்தால் பொல்சோவருக்கும் போ. அந்தக் கூரையின் மரச்சட்டங்கள் உன் பாடத்துக்கு உதவும். குதிரைகள் இன்றும் களமிறங்கும் எஸ்டேட்டுகளும் உண்டு: 1949 முதல் பேட்மின்டனிலும் 1961 முதல் பர்லியிலும் பெரும் குதிரைப் போட்டிகள் நடக்கின்றன. மாளிகைப் புல்வெளியே அங்கே ஆடுகளம்.

லாயத்தைப் பார்த்தபின் மேலே ஏறு. மாளிகைக்குப் பின்னே கிழக்கில் காட்டு மேடு. தோட்டத்தின் ரகசியம் அங்கேதான் இருக்கிறது. சாட்ஸ்வர்த்தில் ஓடுகிற, விழுகிற, பீறிடுகிற நீரெல்லாம் மேட்டில் வெட்டிய ஏரிகளிலிருந்து தன் எடையாலேயே இறங்கி வருவது. முதலாம் டியூக் காலத்தில், 1696-இல் தொடங்கிய நீர்ப்படிக்கட்டு 24 படிகளாக இறங்குகிறது. 1844-இல் வந்தது பேரரசர் நீரூற்று. ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கலஸ் வரப்போகிறார் என்று மேட்டில் எட்டு ஏக்கரில் ஓர் ஏரியையே தோண்டினார்கள். 90 மீட்டர் உயரம்வரை நீர் எழுந்ததாகப் பதிவு. பேரரசர் வரவேயில்லை. ஆனால் அந்த நீரழுத்தம் 1893 முதல் 1936 வரை மாளிகைக்கு மின்சாரம் தந்தது. 1988-இல் மறுபடி விசையாழி பொருத்தினார்கள். ஏரியிலிருந்து கால்வாய், மதகு என்று நீர்வழி கண்டவர்கள் நாம். அந்தக் கண்ணோடு இந்த மேட்டைப் பார்த்தால் உன் வகுப்புத் தோழர்களைவிட நீ கூடுதலாகக் கண்டுபிடிப்பாய்.

அந்த நீரூற்றை அமைத்தவர் ஜோசப் பாக்ஸ்டன். இவரைப் பற்றிச் சற்று நின்று சொல்லத்தான் வேண்டும். பெட்ஃபோர்ட்ஷயரில் எளிய விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. 1826 மே மாதம், 23 வயது நிரம்பும் முன்பே, தலைமைத் தோட்டக்காரராகச் சாட்ஸ்வர்த்துக்கு வந்தார். விடியற்காலை நாலரை மணி. வாயில் திறந்திருக்கவில்லை. ஏறிக் குதித்து, தோட்டம் முழுவதையும் சுற்றிப் பார்த்து, ஆறு மணிக்கு ஆட்களை வேலைக்கு இறக்கி, நீர்ப்படிக்கட்டைத் திறந்துவிடச் சொல்லிப் பார்த்து, பிறகு காலை உணவுக்கு வீட்டு நிர்வாகி அம்மையாரிடம் போனார். அங்கே அந்த அம்மையாரின் உறவுப் பெண் சேராவைக் கண்டு காதல் கொண்டார். இவ்வளவும் ஒன்பது மணிக்குள் முடிந்தது என்று பாக்ஸ்டனே பின்னாளில் எழுதினார். சேராவையே பிறகு மணந்தார். வேலையில் இந்த வேகம் வாழ்நாள் முழுவதும் குறையவில்லை.

1836-இல் அவர் ஒரு கண்ணாடிக்கூடம் கட்டத் தொடங்கினார். அகலம் மட்டுமே 123 அடி. 1841-இல் முடிந்தது. உள்ளே கோச்சு வண்டியே போய்வரலாம். 1843-இல் விக்டோரியா அரசி வந்தபோது பன்னிரண்டாயிரம் விளக்குகள் ஏற்றியிருந்தார்கள். இந்தக் கூடத்துக்குள் வெப்பமண்டலத்தைக் காப்பாற்ற எட்டுக் கொதிகலன்களும் ஏழு மைல் நீள இரும்புக் குழாயும் வேண்டியிருந்தன. கரி வண்டி பார்வையில் படக்கூடாது என்று நிலத்தடிச் சுரங்கப்பாதை வெட்டி அதன் வழியே கரியைக் கொண்டுவந்தார்கள். முதல் உலகப் போரில் கரி கிடைக்கவில்லை, செடிகள் செத்தன. 1920-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள், அதுவும் ஒரே வெடியில் விழவில்லை. அந்த இடத்தில் 1962-இல் யூ மரங்களால் புதிர்வழி வேலி நட்டார்கள். அந்த வேலிக்குள் நுழைவதற்கு முன் சுற்றிநடந்து பழைய கூடத்தின் அளவை மனத்தில் வாங்கிக்கொள். 1849 நவம்பரில் அமேசான் பேரல்லியை இங்கிலாந்தில் முதன்முதலாகப் பூக்கவைத்தவரும் பாக்ஸ்டன்தான். பெரிய கண்ணாடிக்கூடத்திலும் அல்லிக்காகக் கட்டிய கூடத்திலும் கற்றதைக் கொண்டே 1851 லண்டன் கண்காட்சிக்குக் கிரிஸ்டல் பேலஸ் வரைந்தார். கட்டடக்கலைப் பள்ளியில் படித்தவர் அல்லர் அவர்.

நம்மோடும் ஒரு தொடர்பு உண்டு. பாக்ஸ்டன் மொரீஷியஸ் வழியாக வந்த ஒரு குட்டை வாழையைச் சாட்ஸ்வர்த் கண்ணாடி வீட்டில் வளர்த்து 1835-இல் பூக்கவைத்தார். அதற்குக் கேவண்டிஷ் குடும்பப் பெயர் வைத்தார்கள். இன்று உலகச் சந்தையில் ஏற்றுமதியாகும் வாழையில் பெரும்பகுதி அந்த இனக்குழுவைச் சேர்ந்தது. நம் கடைகளில் மோரிஸ் என்றும் ஜி-9 என்றும் விற்பதும் அதே குழுதான். அதே 1835-இல் ஜான் கிப்சன் என்ற தோட்டக்கார இளைஞரைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அவர் காசி மலையில் ஏறித் திரிந்து கூடை கூடையாக ஆர்க்கிடுகளோடு 1837-இல் திரும்பினார். வழிகாட்டிய மலைவாழ் மக்களின் பெயர்கள் நான் படித்த எதிலும் இல்லை. அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1549-இல் இந்த நிலத்தை வாங்கிய வில்லியம் கேவண்டிஷ், எட்டாம் ஹென்றி காலத்தில் மடாலயங்களின் சொத்தைப் பறிமுதல் செய்த அதிகாரிகளில் ஒருவர். அவர் மனைவி பெஸ் கெட்டிக்காரி. முதல் மாளிகையை எழுப்பியவர் அவர்தான். பிறகு குத்தகை, சுரங்கம், திருமணத்தின் வழியே சேர்ந்த அயர்லாந்து நிலங்கள். நிலத்தில் உழைத்தவர்களிடமிருந்து வந்த வாடகை இல்லாமல் இந்தக் கல்லில் ஒன்றும் நின்றிருக்காது.

அதைக் கண்கூடாகப் பார்க்க ஆற்றுக்கு அக்கரையில் எடன்சர் கிராமத்துக்கு நட. 'என்சர்' என்றுதான் பேச்சில் சொல்வார்கள், வழி கேட்கும்போது நினைவில் வை. பழைய கிராமம் மாளிகையிலிருந்து கண்ணுக்குப் படுகிறதென்று அதை அகற்றிவிட்டு, 1838-க்கும் 1842-க்கும் இடையே தள்ளிப் புதிதாகக் கட்டினார்கள். வீட்டுக்கு வீடு வெவ்வேறு பாணி, அழகான வீடுகள். குடியிருந்தவர்களுக்கு வசதி கூடியிருக்கலாம். ஆனாலும் ஒருவர் பார்வைக்காக ஓர் ஊரையே நகர்த்துவது சரி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. கேப்பபிலிட்டி பிரவுன் என்ற தோட்டக் கலைஞர் அமைத்த அந்தப் பச்சைப் புல்வெளியைப் பார்க்கும்போது, இயற்கையாகத் தெரிவதெல்லாம் இப்படி அகற்றியும் சேர்த்தும் செய்தது என்பதை மறவாதே.

இரண்டாம் உலகப் போரில் பென்ரோஸ் கல்லூரியின் 300 மாணவிகள் மாளிகையின் அரச அறைகளில் தங்கிப் படித்தார்கள். அவர்கள் மூச்சின் ஈரத்தில் சில ஓவியங்களின் பின்புறம் பூஞ்சை பிடித்ததாம். 1950-இல் பத்தாம் டியூக் இறந்தார். சொத்தை முன்கூட்டியே மகன் பக்கம் மாற்றியிருந்தார். மாற்றி ஐந்தாண்டு உயிரோடிருந்தால் வரி இல்லை. சில வாரங்கள் குறைந்துவிட்டன. 80 சதவீத வாரிசு வரி விழுந்தது. நிலங்களை விற்றார்கள், ஹோல்பைன், ரெம்பிராண்ட் ஓவியங்கள் அரசுக்குப் போயின, பெஸ் கட்டிய ஹார்ட்விக் ஹால் 1959-இல் நேஷனல் டிரஸ்ட்டுக்குப் போனது. 1981-இல் மாளிகையின் பொறுப்பை ஓர் அறக்கட்டளை ஏற்றது. இன்று டியூக் குடும்பம் தான் குடியிருக்கும் அறைகளுக்கு அந்த அறக்கட்டளைக்கு வாடகை கொடுக்கிறது. இது நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. பலருடைய உழைப்பில் எழுந்த வீடு பலருக்கும் திறந்திருப்பதே முறை.

மாளிகையின் உள்ளறைகளைக் கடைசியில் பார். அதற்குள் உன் கால் வலித்திருக்கும், ஆனால் ஒவ்வொரு அறையிலும் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்கும். வரைபடம் போடும்போது லாயத்தையும் மேட்டு ஏரியையும் கரிச் சுரங்கத்தையும் அதே தாளில் போடு. எடன்சர் தேவாலயத்து மயானத்தில் பாக்ஸ்டனின் கல்லறை இருக்கிறது, அங்கும் போய்விட்டு வா. படத்தை உன் ஆசிரியரிடம் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
சித்தப்பா