சுமை இழுக்கும் மின்வண்டியும் சூடேறும் மோட்டாரும்

கோல்ப் விளையாட்டுத் திடல் நம் ஊர்க் கால்பந்துத் திடல் போன்றதன்று. பதினெட்டுக் குழிகளையும் சுற்றிவர ஆறு கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டும். இதற்காகவே மின்கலங்களால் ஓடும் சிறு வண்டிகள் அமெரிக்காவில் 1950களில் பரவின. ஜார்ஜியா மாநிலத்தின் பீச்ட்ரீ சிட்டி என்ற ஊரில் கடைக்கும் பள்ளிக்கும்கூட மக்கள் இவற்றில் செல்கிறார்கள். இதே இனத்தைச் சேர்ந்த வண்டிகளை நீங்கள் ரயில் நிலையங்களிலும் வண்டலூர் உயிரியல் பூங்காவிலும் பார்த்திருக்கலாம்.

இரண்டு ஆட்களை ஏற்றிச் செல்வதற்கென அமைந்த வண்டி இது. பண்ணை வைத்திருப்பவர்கள் இதன் பின்னால் ஓர் இழுவைப் பெட்டியைக் கோத்து விறகும் மண்ணும் ஏற்றி இழுக்கிறார்கள். வண்டியும் இழுத்துவிடுகிறது. ஆனால் சில நாட்கள் கழித்து மோட்டாரிலிருந்து கருகிய வாடை வருகிறது. காரணத்தைக் கணக்குப் போட்டே காண்போம்.

வண்டியும் ஆட்களும் சேர்ந்து 550 கிலோகிராம் என்க. புல்தரையில் சக்கரம் உருள்வதற்கு எதிரான விசை எடையில் நூற்றுக்கு ஆறு பங்கு எனக் கொண்டால், அது 330 நியூட்டன் ஆகும். 450 கிலோகிராம் இழுவைப் பெட்டியைச் சேர்த்தால் மொத்தம் 1000 கிலோகிராம். விசை 600 நியூட்டன். இப்போது பத்துக்கு ஒன்று என்ற சரிவில் ஏற்றுங்கள். எடையின் பத்தில் ஒரு பங்கான 1000 நியூட்டன் கூடுகிறது. ஆக 1600 நியூட்டன்! சுமை இரண்டு மடங்குகூட ஆகவில்லை. விசையோ ஏறத்தாழ ஐந்து மடங்கு ஆகிவிட்டது. மோட்டாரின் பகைவன் பெட்டி மட்டுமன்று, மேடும்தான்.

விசை கூடினால் மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். இவ்வண்டிகள் பலவற்றில் இருப்பது தொடர் சுற்று நேர்மின்னோட்ட மோட்டார். இதில் புலச் சுருளும் ஆர்மெச்சூரும் ஒரே தொடரில் உள்ளன. நம் வண்டியில் வெறும் புல்தரையில் 50 ஆம்பியர், பெட்டியுடன் 80 ஆம்பியர், மேட்டில் 160 ஆம்பியர் ஓடுவதாகக் கொள்வோம். சுருள்களின் மொத்த மின்தடை 0.02 ஓம். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் நொடிக்கு நொடி பிறக்கும் வெப்பம் கிடைக்கும் என்ற ஜூல் விதியைப் படித்திருக்கிறீர்கள். முதல் நிலையில் 50 வாட், இரண்டாவதில் 128 வாட், மூன்றாவதில் 512 வாட்! மின்னோட்டம் மூன்று மடங்குக்குச் சற்று மேல்தான் கூடியது. வெப்பம் பத்து மடங்கு ஆயிற்று.

இந்த 512 வாட் என்ன செய்யும்? சுருள்களில் 4 கிலோகிராம் செம்பு இருப்பதாகக் கொள்க. செம்பின் தன்வெப்பம் கிலோகிராமுக்கு 385 ஜூல். வெப்பம் வெளியேறாவிட்டால் நிமிடத்துக்குச் சுமார் 20 டிகிரி ஏறும். ஏற்கெனவே 60 டிகிரியில் இருந்த சுருள் மூன்றே நிமிட ஏற்றத்தில் 120 டிகிரியை எட்டிவிடும். உண்மையில் சிறிது வெப்பம் வெளியேறும். ஆனால் இங்கே இன்னொரு வம்பு இருக்கிறது. பல மோட்டார்களில் குளிர்விக்கும் விசிறி மோட்டாரின் அச்சிலேயே உள்ளது. மேட்டில் மோட்டார் மெதுவாகச் சுழலும்போது விசிறியும் மெதுவாகத்தான் சுழலும். அதாவது, காற்று மிகுதியாகத் தேவைப்படும் நேரத்தில்தான் அது மிகக் குறைவாக வருகிறது.

செம்புக்கு இந்தச் சூடு பொருட்டே அன்று. கெடுவது கம்பிகளுக்கு இடையே உள்ள காப்புப் பூச்சு. இது எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதை வைத்து வகுப்புகள் பிரித்திருக்கிறார்கள்: பி வகுப்பு 130 டிகிரி, எஃப் வகுப்பு 155, எச் வகுப்பு 180. எல்லைக்கு மேல் பத்து டிகிரி ஏறும்போதெல்லாம் காப்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் நடைமுறை விதி. எனவே மோட்டார் ஒரே நாளில் எரிய வேண்டியதில்லை; ஒவ்வொரு மேட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக மூப்படையும்.

சரி, உள்ளே எவ்வளவு சூடு என்று எப்படி அறிவது? மேலோட்டைத் தொட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர்கள் நிறைய உண்டு. அது காய்ச்சல்காரரின் நெற்றிக்குப் பொருந்தலாம். மோட்டாரில் சூடு பிறப்பது நடுவே. அது காற்று இடைவெளியையும் இரும்பையும் கடந்து மேலோட்டுக்கு வர நேரம் பிடிக்கும். வண்டியை நிறுத்திய பிறகும் மேலோடு சில நிமிடம் சூடேறிக்கொண்டே போவதைக் காணலாம். விசிறி நின்றுவிட்டது, உள்ளிருந்த வெப்பம் இப்போதுதான் வெளியே வந்து சேர்கிறது. அகச்சிவப்பு வெப்பமானியும் மேலோட்டைத்தான் பார்க்கும்.

மின்கலத்தின் பக்கம் வைத்த அம்மீட்டரும் ஏமாற்றும். இன்றைய வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மின்சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புகிறது. மெதுவாக ஏறும்போது கால் பங்கு நேரமே இணைப்பு இருந்தால், மின்கலத்திலிருந்து சராசரியாக 40 ஆம்பியர்தான் செல்லும். மோட்டாரின் சுருளிலோ 160 ஆம்பியர் ஓடும்.

நல்ல வழி, அசையாத புலச் சுருளின் மேல் ஒரு தெர்மிஸ்டரை ஒட்டி அதன் அளவை ஓட்டுநருக்குக் காட்டுவது. சுழலும் ஆர்மெச்சூரில் இப்படிக் கம்பி இணைப்பது எளிதன்று. ஆகவே அது இன்னும் சூடாக இருக்கும் எனக் கருதி எல்லையைத் தாழ்த்தி வைக்க வேண்டும்.

எனக்குப் பிடித்த வழி வேறு. செம்பையே வெப்பமானியாக்குவது! சூடேறினால் செம்பின் மின்தடை கூடும். வெப்பநிலையுடன் 234.5ஐக் கூட்டினால் வரும் எண்ணுக்கு மின்தடை நேர்விகிதத்தில் இருக்கும். மோட்டாரை மின்கலத்திலிருந்து பிரித்துவிட்டு, புலச் சுருளில் மட்டும் 10 ஆம்பியர் செலுத்தி மின்னழுத்தத்தை அளக்கிறோம் என்க. காலையில் 30 டிகிரியில் 100 மில்லிவோல்ட். ஓடி வந்தவுடன் 130 மில்லிவோல்ட். 264.5ஐ 1.3 ஆல் பெருக்க 343.85, இதில் 234.5ஐக் கழிக்க, சுமார் 109 டிகிரி. கையில் எடுத்துக் காட்ட முடியாத இடத்தின் வெப்பநிலை இரண்டு அளவுகளில் கிடைத்துவிட்டது.

சுமையை இரண்டு நடையாக எடுத்துச் சென்றால்? 225 கிலோகிராம் பெட்டியுடன் அதே மேட்டில் விசை 1240 நியூட்டன். மின்னோட்டம் 132 ஆம்பியர் எனக் கொண்டால் வெப்பம் 348 வாட். இரு நடைக்கும் ஒரே அளவு நேரம் ஆனால், மொத்த வெப்பம் ஒரே நடையைவிடக் கூடுதலே! ஆயினும் இதுவே மேல். காலிப் பெட்டியுடன் சரிவில் இறங்கி வரும்போது மின்னோட்டம் குறைவு, விசிறி வேகமாகச் சுழலும், சுருள் ஆறும்.

வீட்டில் பார்க்க விரும்புவோர் பொம்மை மோட்டார் ஒன்றை இரண்டு உலர் மின்கலங்களுடனும் ஓர் அம்மீட்டருடனும் தொடராக இணையுங்கள். அச்சை விரலால் மெல்ல அழுத்த, முள் ஏறுவதைக் காண்பீர்கள். சுழற்சி குறைந்ததால் எதிர் மின்னியக்கு விசை குறைந்துவிட்டது. அச்சை முழுதும் நிறுத்தி இரண்டு நொடிக்கு மேல் பிடிக்காதீர்கள்.

ஒரு கணக்கு: 28 டிகிரியில் 90 மில்லிவோல்ட் காட்டிய சுருள், மேடேறி வந்தபின் அதே மின்னோட்டத்தில் 126 மில்லிவோல்ட் காட்டுகிறது. காப்பு பி வகுப்பு. அடுத்த நடைக்கு வண்டியை உடனே அனுப்புவீர்களா?