சீப்பு பிடிக்கும் கை

வேலை பழக வருகிற பையன்கள் முதலில் கேட்பது மெஷினைத்தான். நான் கையில் கொடுப்பது சீப்பு. கொஞ்ச காலத்துக்கு அதுவும் கத்தரியும் மட்டும்தான். வெட்டுவது கத்தரி என்றாலும், எந்த இடத்தில் எவ்வளவு முடி நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது சீப்பு பிடித்த இடது கை. அது பழகாதவன் எத்தனை விலை உயர்ந்த மெஷின் வைத்திருந்தாலும் ஒரு சாதாரண கட்டிங்கை ஒழுங்காக முடிக்க மாட்டான்.

பின் கழுத்தில் ஆரம்பிக்கலாம். சீப்பின் பல் மேலே பார்த்தபடி முடிக்குள் போக வேண்டும். போனதும் பல் முனையைத் தலையைவிட்டு லேசாக வெளியே சாய்த்தால், வெட்ட வேண்டிய முடி பல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கத்தரியின் ஒரு அலகு சீப்போடு ஒட்டி அசையாமல் இருக்கட்டும். கட்டைவிரல் இருக்கிற அலகு மட்டும் திறந்து மூடட்டும். இப்போது சீப்பை மேலே ஏற்றிக்கொண்டே போக வேண்டும், கத்தரி கூடவே வர வேண்டும். சீப்பு எங்கே தயங்கி நிற்கிறதோ அங்கே படி விழும். நம் ஊர்க் கருப்பு நேர்முடியில் அந்தப் படி வாசலில் நிற்கிறவருக்கும் தெரியும். முதல் தடவை அகலப் பல், அடுத்த தடவை நெருக்கப் பல். கழுத்தோரத்தில் மெல்லிய சீப்பு இருந்தால் இன்னும் நெருங்கி வெட்டலாம். பையன்களை முடியே இல்லாமல் காற்றில் இதைச் செய்து பார்க்கச் சொல்வேன். கட்டைவிரல் மட்டும் தனியாக அசையப் பழகுவதற்கே நாளாகும். அவசரப்பட்டுப் பயனில்லை.

வெட்டத் தொடங்கும் முன் தலையைக் கையால் தடவிப் பார்ப்பது என் வழக்கம். பின்மண்டையில் ஒரு மேடு இருக்கும். அதற்குக் கீழே பள்ளம். சிலருக்கு மேடே தெரியாது, பின்புறம் தட்டையாக இருக்கும். மேட்டில் குறைத்து, பள்ளத்தில் கொஞ்சம் விட்டு வெட்டினால் தலை உருண்டையாகத் தெரியும். மெஷினில் முடி அளவுக்கான கார்டு மாட்டிக் கீழிருந்து மேலே ஒரே இழுப்பாக இழுத்தால் எல்லா இடத்திலும் ஒரே அளவுதான் நிற்கும்; மேடு மேடாகவே துருத்தும், பள்ளம் பள்ளமாகவே கிடக்கும். தழும்பு, மச்சம், சின்னக் கட்டி எல்லாம் அந்தத் தடவலிலேயே தெரிந்துவிடும். கேட்டுவிட்டு வெட்டலாம்.

அடுத்தது சுழி. உச்சியில் ஒற்றைச் சுழியோ இரட்டைச் சுழியோ, அந்த இடத்தில் முடியை ஒட்ட வெட்டினால் குத்திட்டு நிற்கும். ஒன்று, படிந்து உட்காரும் அளவுக்கு நீளம் விட வேண்டும். இல்லையென்றால் நிற்கவே முடியாத அளவுக்குக் குறைத்துவிட வேண்டும். நடுவில் நிறுத்தினால் எந்த எண்ணெயும் அதைப் படுக்க வைக்காது. நெற்றியோரச் சுழிக்கும் இதே கணக்குதான். வகிடு எடுக்கிறவர் என்றால், சுழி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே முடியை விடுங்கள்.

நனைந்த முடி நீளும், காய்ந்தால் ஏறிக்கொள்ளும். ஸ்ப்ரே அடித்து இழுத்துப் பிடித்து வெட்டும்போது சரியாகத் தெரிந்த அளவு, காய்ந்தபின் குட்டையாகிவிடும். சுருட்டை முடியில் இது இன்னும் அதிகம். சுருட்டை முடிக்காரர்களுக்கு நான் கடைசி அளவை முடி காய்ந்த பிறகுதான் வெட்டுவேன்.

இப்போது வருகிறவர்கள் செல்போனில் படத்தைக் காட்டுகிறார்கள். “சைடு நல்லா ஏத்திடுங்கண்ணே, மேல கை வைக்காதீங்க.” படத்தில் இருப்பவருக்கு அடர்த்தியான நேர்முடி, எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு மெல்லிய முடி, முன்னால் ஏறிய நெற்றி. “தம்பி, உன் முடிக்கு இவ்வளவு ஏத்தினா மேல குடை மாதிரி நிக்கும். இந்த அளவுக்கு வெச்சுக்கலாமா?” என்று முடியை விரலிடுக்கில் பிடித்துக் கண்ணாடியில் காட்டுவேன். ‘கொஞ்சமா’, ‘மீடியமா’ என்ற சொற்களை நம்பி வெட்டக் கூடாது. ஆளுக்கு ஆள் அளவு வேறு.

உட்கார்ந்தவர் கால்மேல் கால் போட்டிருந்தால் இறக்கி வைக்கச் சொல்லுங்கள். இடுப்பு சாய்ந்தால் தோள் சாயும், தோள் சாய்ந்தால் தலையும் சாயும். எழுந்து நின்ற பிறகு ஒரு பக்கம் நீளமாகத் தெரியும். கிருதாவைக் காதை வைத்து அளக்கவும் வேண்டாம். பலருக்கு இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருக்காது. இரண்டு ஆட்காட்டி விரலையும் கிருதாவின் அடியில் வைத்து, எதிரே கண்ணாடியில் பாருங்கள்.

மெஷின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கீழே ஒட்ட எடுத்து மேலே போகப்போக நீளம் கூட்டும் ஃபேடு கேட்டால் மெஷின்தான். பெரும்பாலான மெஷின்களில் 1ஆம் நம்பர் கார்டு 3 மி.மீ., 2ஆம் நம்பர் 6, 3ஆம் நம்பர் சுமார் 10, 4ஆம் நம்பர் சுமார் 13 மி.மீ. பெரிய நம்பரில் தொடங்கிக் குறைத்துக்கொண்டு வாருங்கள். எடுத்ததை ஒட்ட வைக்க முடியாது. மெஷின் தலையின் வளைவைத் தொடும் இடத்தில் மணிக்கட்டை வெளியே திருப்பி எடுத்துவிட வேண்டும். தலையோடு ஒட்டியே மேலே போனால் கோடு விழும். இரண்டு நம்பருக்கு நடுவே நிற்கிற கோட்டை லிவரைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடியபடி, பிளேடின் ஓரத்தால் அழிக்கலாம். அப்படியும் போகாத நிழலைச் சீப்பும் கத்தரியும்தான் எடுக்கும். நல்ல ஃபேடு கடைசியில் கைவேலையில்தான் முடிகிறது.

கடை தொடங்குகிற தம்பிகளிடம் ஒன்றை அழுத்திச் சொல்வேன். பிளேடை வாடிக்கையாளர் கண்முன்னே மாற்றுங்கள். மஞ்சள்காமாலையை வரவழைக்கக்கூடிய ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளி போதும். ஒரே படிகாரக் கட்டியை ஒவ்வொரு முகமாகத் தேய்ப்பதும் தப்பு. படிகாரத்தைத் தண்ணீரில் கரைத்துப் பஞ்சில் தொட்டுத் தடவிப் பஞ்சைத் தூக்கிப் போடுங்கள். மெஷின் பிளேடில் ஒட்டிய முடியை பிரஷால் தட்டிய பிறகே ஸ்பிரிட் போட வேண்டும். முடி மேலேயே ஊற்றினால் ஸ்பிரிட் பிளேடுக்குப் போய்ச் சேராது. காய்ந்ததும் இரண்டு சொட்டு எண்ணெய்.

டிரையர் பிடிக்கும்போது காற்று வேரிலிருந்து நுனிக்குப் போகட்டும், சீப்பு முடியை வேரில் தூக்கிப் பிடிக்கட்டும். சூட்டில் முடி வளையும், ஆறும்போதுதான் அந்த வடிவம் நிற்கும். அதனால் கடைசியில் குளிர்ந்த காற்றைக் கொஞ்சம் விடுங்கள். வாக்ஸ் பட்டாணி அளவு போதும். உள்ளங்கையில் முழுக்கத் தேய்த்துக் கரைத்து, பின்னந்தலையில் தொடங்கி முன்னே வாருங்கள். நேராக நெற்றியில் வைத்தால் அங்கே மட்டும் பிசுபிசுத்துக் கிடக்கும்.

எழுந்து போகிறவரிடம் அடுத்து எப்போது வர வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய அரை அங்குலம் வளர்கிறது. ஒட்ட எடுத்த ஃபேடு இரண்டு வாரத்தில் கலைந்துவிடும். கத்தரியில் வெட்டியது ஒரு மாதம் தாராளமாக நிற்கும்.