விழாமல் நிற்பதும் ஒரு பயிற்சிதான்

சுவர் ஓரமாக ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடிப் பாருங்கள். தடுமாறுதா? கண், உள்காது, பாதத்திலும் மூட்டிலும் உள்ள உணர்வு ஆகிய மூன்றும் தரும் தகவலை வைத்துத்தான் மூளை நம்மை விழாமல் நிறுத்துகிறது. பொறியியல் மாணவனாகச் சொன்னால், மூன்று சென்சாரில் ஒன்றை நீங்கள் அணைத்துவிட்டீர்கள். வயதானால் மூன்றுமே மங்கும்.

பிசியோதெரபியில் இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் வழக்கம்போல் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். முதியவருக்கு 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால், விழும் ஆபத்து இருக்கலாம்.

என் பாட்டி, "விழுந்துடுவேன்டா"ன்னு பயந்து உட்கார்ந்தே இருந்தார். உட்கார உட்கார கால் பலம் குறைந்தது, பயம் கூடியது. பிசியோ சொல்லித் தந்தபடி, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு பழகினார்: முதலில் பாதங்களைச் சேர்த்து, பிறகு ஒரு பாதத்தைப் பாதி முன்னே வைத்து, கடைசியில் ஒரு பாதத்துக்கு நேர் முன்னே மற்றது. ஒவ்வொன்றும் 10 வினாடி. நிலை கடினமாகும்போதுதான் உடல் கற்றுக்கொள்கிறது.

இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் நின்று நேரம் பாருங்கள். 12ஐத் தொட்டால் மருத்துவரிடம் கூட்டிட்டுப் போங்கள். இதுவும் தொண்டுதான்.